ஹிட்ச் பார்த்த எட்டு மாதம்

ட்ரீவா பான்ட்ரேகர் தன் புருஷனைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்டது ஆறே வாரம். ஹிட்ச்சைத் தேர்ந்தெடுக்க எட்டு மாதம் ஆகிவிட்டது.

சமையலறையும் படுக்கையுமாக உள்ளே குடியிருக்கிற டிரெய்லரை பிக்கப் வண்டியோடு பூட்டுகிற அந்த இரும்புச் சாமானைப் பற்றி அறுபத்துமூன்று வயதில் அவளுக்கு அப்படி ஒரு படிப்பு வந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்திலேயே விளம்பரப் புத்தகங்கள் ஒரு முழ உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. சர்ச்சில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே கிடைக்கிற இரண்டு நிமிடத்திலும் பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் ஹிட்ச்சின் கவ்வுகிற தாடை எத்தனை அங்குலம் என்று பேசுகிற அளவுக்குப் போய்விட்டாள். அவளைப் பார்த்தாலே சிலர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சாதாரண டிரெய்லராக இருந்தால் இவ்வளவு பாடு இல்லை. அது வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். ட்ரீவா வாங்கியிருந்தது ஐந்தாம் சக்கர டிரெய்லர். எண்ணிப் பார்த்தால் ஐந்தாவதாக ஒரு சக்கரமும் கிடையாது, பேர் அப்படி. அதன் மூக்கு பிக்கப்பின் தொட்டிக்குள் ஏறி உட்காரும். மூக்கின் கனம் முழுக்க வண்டியின் பின்னச்சு மேல் இறங்கும். அந்த மூக்கிலிருக்கிற ஆணியைத் தொட்டிக்குள்ளிருந்து கவ்விப் பிடிப்பதுதான் ஹிட்ச். அவர்கள் வண்டிக்குத் தொட்டி குட்டை. வளைவில் கொஞ்சம் ஒடித்துத் திருப்பினால் டிரெய்லரின் முன்மூலை வந்து ஓட்டுகிறவர் தலைக்குப் பின்னாலிருக்கிற கண்ணாடியை இடிக்கும். அதனால் திரும்பும்போது பின்னால் நகர்ந்துகொடுக்கிற ஹிட்ச் வேண்டும். அதிலும் இரண்டு வகை.

"வெர்னன், தானா நகர்றதா, இல்ல நாம இறங்கிப் போயி நெம்பி விடறதா? எது வாங்கலாம்?" என்று ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் புருஷனைக் கேட்டாள்.

வெர்னன் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்து யோசித்தான். "மழையில இறங்கி நெம்பறதுக்கு உன் முட்டி ஒத்துக்காது. தானா நகர்றதே வாங்கு."

என் முட்டியை நினைத்துப் பார்த்தானே என்று ட்ரீவாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று அவனுக்கு இன்னொரு கரண்டி நூடுல்ஸும் கோழியும் வைத்தாள்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் டிரெய்லர் செய்கிறவர்கள், மீதிப் பேர் செய்து ஓய்ந்தவர்கள். வெர்னன் முப்பத்துநாலு வருஷம் டிரெய்லர் ஃபாக்டரியில் சுவர்ப் பலகை அடித்தான். ட்ரீவா இருபத்தாறு வருஷம் திரைச்சீலை தைத்தாள். அவள் தைத்த சீலை கடல் பார்த்த ஜன்னலிலும் மலை பார்த்த ஜன்னலிலும் தொங்கிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பக்கத்து மாநிலமான ஒஹையோ போய் வந்ததோடு சரி. அந்த எரிச்சல் அவளுக்கு வயிற்றில் எப்போதும் இருந்தது. வேலையிலிருந்து ஓய்ந்ததும் முதல் காரியமாக டிரெய்லரை வாங்கி கராஜுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அதற்கான சீலையைத் தானே தைத்தாள். நவம்பர் இரண்டாம் திங்கட்கிழமை, பனி விழுவதற்கு முன், கிளம்ப வேண்டும். டெக்ஸாஸின் தென்கோடியில் கடலுக்கு நாலு தெரு தள்ளி இடம்கூடப் பதிவு செய்தாயிற்று. முதலில் அங்கே, அப்புறம் கால் போன போக்கில். "இந்த வருஷம் போகலன்னா நான் போகவே மாட்டேன் வெர்னன். எனக்கே என்னைத் தெரியும்" என்று அவள் சொன்னபோது, "போகாம எப்படி?" என்றான் அவன்.

இழுக்கிற வண்டியை வெர்னன்தான் ஏப்ரலில் வாங்கி வந்தான். அவள் தம்பி கேலன் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவன். ஏலத்தில் நல்ல வண்டி ஒன்று வருகிறது என்று கூட்டிப் போனான். ஒரு டன் வண்டிதான் வேண்டும், முக்கால் டன் இந்த மூக்கைத் தாங்காது என்று ட்ரீவா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். சாயங்காலம் வந்து நின்ற வண்டியைச் சுற்றி நடந்து, முன்கதவில் பதித்திருந்த எண்ணைப் பார்த்தாள். மூன்றில் தொடங்கியது. மூன்று என்றால் ஒரு டன், இரண்டு என்றால் முக்கால் டன். அந்த டன்னும் வண்டி வகைக்கு வைத்த பேர்தான், சுமக்கிற கணக்கு வேறு. எங்கள் ஊரில் ஒருத்தரும் வண்டியின் காகிதத்தைக் கேட்பதில்லை. கதவில் இருக்கிற எண்ணைப் பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், அதோடு முடிந்தது. ட்ரீவாவும் தலையை ஆட்டினாள்.

"ஹிட்ச்சை மட்டும் தபால்ல வரவழைச்சிடு. கேலனே மாட்டிக் குடுப்பான்" என்று வெர்னன் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். ட்ரீவாவுக்கு அதில் மட்டும் மனசு ஒப்பவில்லை. தம்பி பெயின்ட் அடிப்பதில் கெட்டிக்காரன். ஹிட்ச் மாட்டுவது வேறு வேலை. கழன்றால் நடுரோட்டில் வீடு போய்விடும்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை சர்ச்சில், ஆப்பிளை ஜாம் மாதிரி கிண்டி எடுக்கிற ஆப்பிள் பட்டர் காய்ச்சினார்கள். அண்டா அடுப்பில் ஏறிவிட்டால் துடுப்பைப் பிடித்தவன் நகர முடியாது, நகர்ந்தால் அடிபிடிக்கும். வெர்னன் பக்கத்து வீட்டுக்காரன் காரில் விடியும்போதே போய்விட்டான். ட்ரீவா வண்டியை எடுத்துக்கொண்டு நேரே டெல்மர் கடைக்கு வந்தாள். ஹிட்ச்சை மாட்டிக்கொண்டு போய் மத்தியானம் அவனை அசத்த வேண்டும் என்பது அவள் எண்ணம்.

டெல்மருக்கு ஐம்பது வயது, ஆள் வாட்டசாட்டம், பேச்சு நிதானம். இருபது வருஷமாக ஹிட்ச் தவிர வேறு எதையும் தொடாதவன்.

"முடிவு பண்ணிட்டீங்களா ட்ரீவாம்மா, இல்ல இன்னும் நிச்சயதார்த்தம்தானா?"

"பண்ணிட்டேன்யா. இருபதாயிரம் பவுண்டு தாங்கறது. தானா நகர்றது. தாடை ரெண்டு பக்கமும் வந்து கவ்வணும்."

"அடேங்கப்பா, கடையை உங்ககிட்ட விட்டுட்டு நான் மீன் பிடிக்கப் போகலாம் போல. வண்டி ஒரு டன்தானே?"

"கதவுல எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா?"

டெல்மர் சிரித்துக்கொண்டே ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தான். கதவு மூடுகிற தூணில், வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் அவன் எந்த வேலையையும் தொடங்குவான். குனிந்தவன் அப்படியே நின்றான்.

"ஸ்டிக்கரைக் காணோமே."

"பழைய வண்டி. உரிஞ்சு போயிருக்கும்."

"இது தானா உரியாதும்மா. சுரண்டினாலே பாதிதான் வரும்." கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினான். கையில் பசை ஒட்டியது. விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். அவனுடைய பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. பின்னச்சில் கனம் தாங்குகிற கமான் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணுவது கேட்டது. எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

வெளியே வந்ததும் முன்கண்ணாடி வழியாகத் தெரிகிற வண்டியின் சேஸிஸ் எண்ணை எழுதிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரில் அடித்தான். திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"இது முக்கால் டன்மா."

ட்ரீவா முதலில் சிரித்தாள். "போய்யா. கதவுல மூணு போட்டிருக்கு."

"கதவுல என்ன வேணா ஒட்டலாம். பட்டை பொய் சொல்லாது. ஒரு டன்னுக்கு மேல இன்னொரு பட்டை வரும். இதுல இல்ல."

டெல்மர் கணக்குச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. எட்டு மாதப் படிப்பு அவள் தலைக்குள் தானாகவே ஓடியது. டிரெய்லரின் மூக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டு. முக்கால் டன் வண்டி சுமப்பது இரண்டாயிரத்து நூறு. அதிலும் ஹிட்ச்சுக்கு இருநூறு போகும், ஆட்கள் இரண்டு பேர் கனம் வேறு போகும். எப்படிப் போட்டாலும் இடிக்கிறது.

"இன்னும் பெரிய ஹிட்ச்சாப் போட்டா?"

"ஹிட்ச் தாங்கும், வண்டி தாங்காது. பின்னாடி அழுந்திக்கிட்டு முன்சக்கரம் லேசாயிடும். இறக்கத்துல ஸ்டியரிங் உங்க பேச்சைக் கேக்காது. என்ன குடுத்தாலும் நான் மாட்ட மாட்டேன், கோவிச்சுக்காதீங்க." கொஞ்சம் தயங்கினான். "வண்டியை யாரு பார்த்து வாங்கினது?"

"என் தம்பி" என்றாள் ட்ரீவா. சொல்லும்போதே காது சுட்டது.

கேலனின் பட்டறை அங்கிருந்து ஆறு மைல். அந்த ஆறு மைலும் தம்பியை வைதுகொண்டே ஓட்டினாள். முன்னால், மோட்டாரைத் தொடாத பழைய சபைக்காரர் ஒருவரின் குதிரை வண்டி ஆடி ஆடிப் போனது. அதையும் சேர்த்து வைதாள். சொந்த அக்காவையே ஏமாற்றியிருக்கிறான். பாவம் வெர்னன், எவனையும் நம்பிவிடுகிற ஆள், அவன் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறான். இதை வெர்னனுக்கு எப்படிச் சொல்வது, மனுஷன் உடைந்து போவானே என்றுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

கேலன் ஒரு பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வண்டியை வாசலிலேயே குறுக்காக நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"டேய் கேலன், இங்க வாடா. இது எத்தனை டன்?"

அவன் வண்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு... எங்கக்கா போயிட்டு வர்றே?"

"டெல்மர்கிட்ட. அடியில படுத்து எண்ணிப் பார்த்துட்டான். வெக்கமா இல்லையாடா உனக்கு? நானும் அவரும் இதை நம்பி மலை இறக்கத்துல போயிருந்தா ரெண்டு பேரையும் மூட்டை கட்டித்தான்டா கொண்டு வந்திருப்பாங்க. ஒரு மூணைச் செய்து ஒட்டறதுக்கு உனக்கு எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிஷம்" என்றான் கேலன், பழக்க தோஷத்தில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அவரு உன்னை எவ்வளவு நம்பினாரு தெரியுமா?"

கேலன் உப்புத்தாளைக் கீழே போட்டான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"அக்கா, நான் சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. மச்சான்தான் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"நம்பரை மாத்திக் குடுன்னு. ஏலத்துல ஒரு டன்னும் இருந்துச்சு. நான் அதைத்தான் காட்டினேன். இவரு நேரா இதுகிட்ட போயி நின்னாரு. 'நிஜமா ஒரு டன் வந்துட்டா அவ கிளம்பிடுவா. இதுதான் வேணும், கதவுல மட்டும் மூணா மாத்திடு'ன்னாரு."

"பொய் சொல்லாதே."

"சத்தியமாக்கா. நீ ஹிட்ச்சை வாங்கிட்டு என்கிட்டதான் வருவேன்னாரு. நான் 'போல்ட் வரல, மாட்டற சட்டம் வரல'ன்னு பனி விழற வரைக்கும் இழுத்தடிக்கணும். பனி விழுந்துட்டா நீ எப்படியும் போக முடியாது. வசந்தத்துக்குள்ள உனக்கே சலிச்சிடும்னாரு. எனக்கென்னக்கா தெரியும், புருஷன் பொண்டாட்டி விஷயம்."

"அந்த மஞ்சள் ஸ்டிக்கர்?"

"அதை நான் தொடலக்கா" என்றான் கேலன் அவசரமாக. "அது மச்சான் வேலை. வீட்டுல வெச்சு எடுத்திருப்பாரு."

ட்ரீவா வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. வெர்னன் ஸ்டிக்கரைச் சுரண்டுகிற காட்சி அவள் கண்முன் வந்து நின்றது. வெந்நீர் வைத்து, சின்னக் கத்தியால், ஓரத்திலிருந்து பொறுமையாக எடுத்திருப்பான். அவன் எதையுமே பொறுமையாகச் செய்கிறவன். ஒருவேளை அவள் உள்ளே உட்கார்ந்து அவனுக்காகப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்த அன்றைக்கே செய்திருப்பான். பொய்யான வண்டியைக்கூட அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவன் கூரையைப் பார்த்து யோசித்து யோசித்துப் பதில் சொன்னானே, அதைத்தான் நினைக்க முடியவில்லை. முட்டி வலியைப் பற்றி அவ்வளவு கரிசனமாகப் பேசினானே. மாட்டவே போவதில்லை என்று தெரிந்த சாமானுக்கு எதற்கு அந்தக் கரிசனம்?

"அக்கா, தண்ணி வேணுமா?" என்றான் கேலன் ஜன்னலருகே வந்து. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினாள்.

மூன்று மணிக்கு வெர்னன் வீட்டுக்கு வந்தான். சட்டையெல்லாம் புகையும் லவங்கப்பட்டை வாசமும். கையில் ஆறு ஜாடி ஆப்பிள் பட்டர். சமையலறையில் ட்ரீவா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தத் தடவை நல்ல பதம் ட்ரீவா. அடிபிடிக்கவே இல்ல."

"வண்டி எத்தனை டன் வெர்னன்?"

அவன் ஜாடிகளை ஒவ்வொன்றாக மேடையில் வைத்தான். ஆறையும் வைத்து முடிக்கிற வரை திரும்பவில்லை.

"கேலன் சொல்லிட்டானா?"

என்ன கேட்கிறாய் என்றாவது அவன் கேட்பான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அந்த ஒரு நூலையும் அவன் விட்டுவைக்கவில்லை.

"எதுக்கு இப்படிப் பண்ணினே?"

"நான் முப்பத்துநாலு வருஷம் அந்தச் சுவருங்களை அடிச்சேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். குச்சியும் பஞ்சும் பசையும். காத்தடிச்சா எந்த மூலை முனகும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அதுக்குள்ள போயி நான் எப்படிப் படுப்பேன்? நீ அதுக்குச் சீலை தைச்சே. நான் சுவர் அடிச்சேன்."

"இதை எட்டு மாசம் முந்தி, இதே மேஜையில சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா உன் முகம் வாடிடும்."

"இப்போ எப்படி இருக்கு?"

அவன் பார்க்கவில்லை.

"வரலன்னு சொல்லியிருந்தா கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ரெண்டு நாள் சோறு போட்டிருக்க மாட்டேன். அதோட போயிருக்கும். உன்னை உக்கார வெச்சுத் தாடை ஒண்ணா ரெண்டான்னு கேட்டேனே. கறுப்பு பெயின்ட்டா சாம்பலான்னுகூடக் கேட்டேன். நீ கறுப்புன்னே. 'சாம்பல்ல துரு தெரியும்'னே. எல்லாத்துக்கும் ஒரு காரணம் சொன்னே வெர்னன். என்னை வெச்சு இத்தனை நாள் வேடிக்கை பார்த்திருக்கே."

"வேடிக்கை இல்ல. நீ சந்தோஷமா இருந்தே. அந்தப் புத்தகத்தையெல்லாம் விரிச்சுக்கிட்டு... போறதைவிட, பார்க்கறதுதான் உனக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். அதுலயே உனக்குத் திருப்தியாயிடும்னு..."

நாற்பத்தொரு வருஷம் கூட இருந்தவன் அவளைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தது இவ்வளவுதான். பொம்மைக் கடை ஜன்னலில் நிற்க வைத்தால் குழந்தை அதிலேயே அடங்கிவிடும் என்பது மாதிரி. அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில்தான் அதைச் சொன்னாள்.

"நான் போறேன். இந்த வண்டியைக் குடுத்துட்டு ஒரு டன் வாங்கி, டெல்மர்கிட்ட ஹிட்ச் மாட்டிக்கிட்டு, தனியாப் போறேன். நீ வர வேணாம்."

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தனியாகப் போவது அவள் திட்டமே இல்லை. அவனைக் குத்துவதற்காகச் சொன்னது அது. தனியாவா, உன்னை எப்படி விடுவேன், நானும் வர்றேன் என்று அவன் பதற வேண்டும். பதறினால் போதும், ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு மன்னித்துவிடுவாள். மன்னிப்பதற்கு அவள் ஏற்கெனவே பாதி தயாராகத்தான் இருந்தாள்.

வெர்னன் நிமிர்ந்து பார்த்தான்.

"நெடுஞ்சாலையில தனியா ஓட்டிடுவியா?"

"ஓட்டுவேன்."

"நிஜமாவா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். ஏப்ரலிலிருந்து கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அவன் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பதே அது தளர்ந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. முகத்தில் களை வந்தது. பத்து வயது குறைந்துவிட்டவன்போல இருந்தான்.

"அப்போ நல்ல வண்டியா நானே பார்த்துத் தர்றேன் ட்ரீவா. இந்தத் தடவை நிஜமாவே ஒரு டன். நானே அடியில படுத்துப் பட்டையை எண்ணிப் பார்க்கறேன். பின்னாடி நாலு சக்கரம் இருக்கறதா வாங்கிடலாம், உனக்கு ஆட்டம் தெரியாது. கேமராவும் வெச்சுடலாம். திங்கட்கிழமையே போயி விசாரிக்கிறேன்." மூச்சு விடாமல் பேசினான். எட்டு மாதத்தில் இந்த விஷயத்தைப் பற்றி அவனாக வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை. "நவம்பர்லயே கிளம்பிடுவே, இல்ல?"

ஏமாற்றியதையாவது ஒருநாள் அவள் மன்னித்திருப்பாள். இந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"கிளம்பிடுவேன்" என்றாள்.

வெர்னன் எழுந்து ஒரு ஜாடியைத் திறந்து, ரொட்டியில் ஆப்பிள் பட்டரைத் தடிமனாகத் தடவ ஆரம்பித்தான்.